வலிப்பு வருத்தமும் தலையில் வைக்கும் மெல்லிய மின்னோட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரும் இந்தச் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டு, கிளினிக் வாசலில் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். மண்டையோட்டைத் திறக்காமல், தோலுக்கு மேலே இரண்டு ஈரப் பஞ்சுகளை வைத்து மிகச் சிறிய நேர்மின்னோட்டத்தைச் செலுத்தும் முறையைப் பற்றியே பேசுகிறோம். ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் இதை ரி.டி.சி.எஸ். என்பார்கள்.

மனநோய் வாட்டிலை கறண்ட் வைக்கிறதும் இதுவும் ஒண்டோ?

இல்லை. இரண்டும் தலையோடு தொடர்புபட்டவை என்பதைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது. மனநோய்ச் சிகிச்சையில் கொடுக்கும் மின்னதிர்வு ஏறத்தாழ 800 மில்லி அம்பியர். அதைச் சில செக்கன்கள் மட்டும், மயக்க மருந்து கொடுத்த பிறகு வைப்பார்கள். அங்கே மூளையில் ஒரு வலிப்பை வரவைப்பதுதான் நோக்கம். ரி.டி.சி.எஸ். கருவி கொடுப்பது 1 அல்லது 2 மில்லி அம்பியர், அதாவது அதில் நானூறில் ஒரு பங்கோ அதிலும் குறைவோ. ஆள் விழித்திருந்து கதைத்துக்கொண்டிருப்பார். வலிப்பை அடக்குவதுதான் இங்கே நோக்கம்.

இவ்வளவு சின்னக் கறண்ட் மூளைக்குள்ளை போய் என்ன செய்யும்?

செலுத்தும் மின்னோட்டத்தின் பெரும்பகுதி தோல், தசை வழியாகவே சுற்றிப் போய்விடும். மண்டையோட்டைக் கடந்து மூளைக்குள் சேர்வதன் மின்புலம் மீற்றருக்கு ஒரு வோல்ற்றுக்கும் குறைவு. ஒரு நரம்புக்கலத்தைச் சுட வைக்க, அதாவது மின்சைகை அனுப்ப வைக்க, அது போதாது. ஆனால் அந்தக் கலத்தின் மென்சவ்வில் இருக்கும் மின்னழுத்தத்தை ஒரு சிறிதளவு மேலேயோ கீழேயோ தள்ளப் போதும். சுடுவதற்குத் தயாராக நிற்கும் கலம் ஒன்று கொஞ்சம் எளிதாகச் சுடும், அல்லது கொஞ்சம் தயங்கும்.

ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிற்சேயும் பவுலுஸும் 2000 ஆம் ஆண்டு இதை மனிதரில் அளந்து காட்டினார்கள். 1 மில்லி அம்பியர் மின்னோட்டத்தைக் கைகாலை அசைக்கும் மூளைப் பகுதிக்கு மேலே வைத்தபோது, நேர்முனையான அனோட்டின் கீழே மூளையின் கிளர்ச்சி, அதாவது கலங்கள் எளிதாகச் சுடும் தன்மை, கூடியது. எதிர்முனையான கதோட்டின் கீழே குறைந்தது. அடுத்து வந்த ஆய்வுகளில், பத்து நிமிடத்தை ஒட்டி வைத்தாலே விளைவு கருவியை நிறுத்திய பிறகும் ஒரு மணி நேர அளவுக்கு நின்றது. வலிப்பு ஆராய்ச்சிக்காரர் பிடித்துக்கொண்டது இந்த "குறைந்தது" என்ற சொல்லைத்தான். வலிப்பு என்பது ஒரு கூட்டம் நரம்புக்கலங்கள் அடங்காமல் ஒன்றாகச் சுடுவது. அந்தக் கூட்டத்துக்கு மேலே கதோட்டை வைத்தால் அடங்குமா என்பதுதான் கேள்வி.

அப்ப கூடக் கறண்ட் வைச்சால் கூட அடங்கும்தானே?

அப்படிக் கணக்குப் போடவே கூடாது. 2013 இல் வெளியான ஆய்வொன்றில், 1 மில்லி அம்பியர் கதோட்டு கிளர்ச்சியைக் குறைத்த அதே இடத்தில் 2 மில்லி அம்பியரை 20 நிமிடம் வைத்தபோது கிளர்ச்சி கூடியது. ஆரோக்கியமான இளவயதினரில் கண்ட முடிவு அது. வலிப்புள்ள மூளையும் அப்படியே நடக்கும் என்றில்லை. ஆனால் அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்ற எண்ணம் இங்கே செல்லாது என்பதற்கு அதுவே போதும்.

இன்னொன்றும் உண்டு. மூளையின் மேற்பரப்பு தட்டையானதல்ல, மடிந்து மடிந்து கிடக்கிறது. ஒரே மின்னோட்டம் ஒரு மடிப்பின் ஒரு சுவரில் கலங்களை அடக்கிக்கொண்டே எதிர்ச் சுவரில் கிளப்பவும் கூடும். எனவேதான் இப்போது நோயாளியின் எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துக் கணினியில் மின்னோட்டத்தின் பாதையைக் கணித்து, அதற்கேற்ப மின்வாய்களை, அதாவது பஞ்சுக்குள் இருக்கும் தகடுகளை, வைக்க முயல்கிறார்கள். எங்கள் எண்ணத்தில் இந்த ஆராய்ச்சியின் எதிர்காலம் மின்னோட்டத்தின் அளவில் அல்ல, வைக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

இதுவரைக்கும் வலிப்புக்காரருக்கு என்ன பலன் கண்டிருக்கினம்?

2006 இல் வெளியான முதல் ஒப்பீட்டு ஆய்வில், பிறவியிலேயே மூளை மேற்பட்டை சரியாக உருவாகாததால் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு வந்த 19 பேர் பங்குபற்றினார்கள். ஒரே ஒரு முறை, 1 மில்லி அம்பியர், 20 நிமிடம். மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. யில் காணும் வலிப்புக் கூர்முனைகள் உடனடியாக 64 சதவீதம் அளவில் குறைந்தன. வலிப்பின் எண்ணிக்கையும் குறைந்ததுபோலத் தெரிந்தது, ஆனால் புள்ளிவிபரக் கணக்கில் அது உறுதியாகவில்லை.

தாய்லாந்தில் 36 பிள்ளைகளோடு செய்து 2013 இல் வெளியிட்ட ஆய்விலும் அதே அளவு, அதே நேரம். கூர்முனைகள் 48 மணி நேரம் வரை குறைந்திருந்தன. ஆனால் அடுத்த நான்கு கிழமைகளில் வலிப்பு குறைந்த அளவு 5 சதவீதத்துக்கும் கீழே. பெற்றோருக்கு இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடதாசியில் ஓடும் அலை அழகாகிவிட்டது என்பதற்காகப் பிள்ளைக்கு வலிப்பு நின்றுவிட்டது என்றாகாது.

மெக்சிக்கோவில் 28 பெரியவர்களோடு செய்த ஆய்வு 2017 இல் வந்தது. இவர்களுக்கு நெற்றிப்பொட்டுப் பக்க மூளையின் உட்பகுதி தழும்பாகி இறுகியதால் வந்த வலிப்பு. 2 மில்லி அம்பியர், நாளுக்கு 30 நிமிடம், ஒரு குழுவுக்கு மூன்று நாள், இன்னொரு குழுவுக்கு ஐந்து நாள், மூன்றாவது குழுவுக்குப் போலிச் சிகிச்சை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் வலிப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. ஆனால் 28 பேரை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று பாருங்கள். ஒருவருக்கு நல்ல மாதம் ஒன்று அமைந்தாலே முழுக் குழுவின் எண்ணும் அசைந்துவிடும்.

அதனால்தான் நிபுணர்களே ஒத்துப்போகவில்லை. ஐரோப்பிய நிபுணர் குழு 2017 இல், வலிப்புக்கு இதைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்றது. 2021 இல் வேறொரு குழு "அநேகமாகப் பலன் தரும்" என்ற படியில் வைத்தது. முறையான ஆய்வுக்குள் மட்டுமே கொடுக்க வேண்டிய ஒன்றாகவே நாங்கள் இதைப் பார்க்கிறோம்.

ஒரு தடவை போனால் என்ன நடக்கும்? படிப்படியாகச் சொல்லுங்கோ.

முதல்நாள் இரவே தொடங்குகிறது. தலையைச் சம்பூ போட்டு முழுகி, எண்ணெய் வைக்காமல் வர வேண்டும். இதை வலியுறுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு முடித்தவரின் தலையில் பஞ்சை வைத்தால் நல்லெண்ணெய்ப் படலம் மின்னோட்டத்தை மறிக்கும். நெற்றியில் விபூதி, சந்தனம், ஒட்டுப்பொட்டு இருந்தால் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கோவிலுக்குப் போய்விட்டு நேரே வருபவர்கள் இதற்கு மனம் நோக வேண்டாம், முடிந்ததும் திரும்பப் பூசிக்கொள்ளலாம். இரண்டாவது மின்வாயைப் பெரும்பாலும் புருவத்துக்கு மேலே நெற்றியில்தான் வைப்பார்கள். காய்ந்த சந்தனம் அங்கே ஒரு தடிப்பாக நின்று, பஞ்சு தோலைச் சரியாகத் தொடாமல் பண்ணிவிடும்.

பிறகு அளவு. மூக்குத்தண்டு நெற்றியைச் சந்திக்கும் குழியிலிருந்து பிடரியில் தட்டுப்படும் எலும்பு முனை வரை அளவுநாடாவை உச்சி வழியாகப் பிடிப்பார்கள். 36 சென்ரிமீற்றர் என்றால் 18 இல் ஒரு புள்ளி. பிறகு ஒரு காதின் முன்குழியிலிருந்து மற்றக் காதின் முன்குழி வரை. அதுவும் 36 என்று வைப்போம். அதன் நடுவும் முதல் புள்ளியும் சந்திக்கும் இடம் உச்சி. அங்கிருந்து இடப்பக்கம் 20 சதவீதம், அதாவது 7.2 சென்ரிமீற்றர் இறங்கினால் வலது கையை அசைக்கும் பகுதிக்கு மேலே வந்துவிடுவோம். 40 சதவீதம், 14.4 சென்ரிமீற்றர் இறங்கினால் காதுக்கு மேலேயுள்ள பொட்டுப்பகுதி. ஈ.ஈ.ஜி. எடுக்கும்போது பின்பற்றும் அதே அளவு முறைதான் இது. கதோட்டை எங்கே வைப்பது என்பதை உங்கள் ஈ.ஈ.ஜி. யும் எம்.ஆர்.ஐ. யும் காட்டிய வலிப்புக் குவியம், அதாவது வலிப்பு தொடங்கும் இடம், தீர்மானிக்கும்.

மின்வாய் என்பது கரி கலந்த இறப்பர்த் தகடு. அதைப் பஞ்சு உறைக்குள் இடுவார்கள். வழக்கமான அளவு 5 க்கு 7 சென்ரிமீற்றர், பரப்பு 35 சதுர சென்ரிமீற்றர். ஊசிக்குழாயால் 0.9 சதவீத சேலைனை ஒரு பக்கத்துக்கு 6 மில்லி லீற்றராக, ஒரு பஞ்சுக்கு மொத்தம் 12 அளவில் விடுவார்கள். மயிரை வகிடெடுத்து விலக்கி, பஞ்சைத் தலைத்தோலில் பதித்து, இறப்பர்ப் பட்டியால் கட்டுவார்கள். பட்டி இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் தலையிடிக்கக் கூடாது.

கருவியைப் போட்டதும் மின்னோட்டம் பூச்சியத்திலிருந்து மெதுவாக, 30 செக்கன் அளவில், குறித்த அளவுக்கு ஏறும். அந்த அரை நிமிடத்தில்தான் எறும்பு ஊர்வதுபோலவும் கடிப்பதுபோலவும் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது சில நிமிடங்களில் அடங்கிவிடும். பிறகு 20 அல்லது 30 நிமிடம் சும்மா இருக்க வேண்டியதுதான். முடிவிலும் மெதுவாகவே இறங்கும். 2 மில்லி அம்பியரை 20 நிமிடம் கொடுத்தால் சேரும் மின்னேற்றம் 2.4 கூலோம். 33,200 க்கும் மேற்பட்ட அமர்வுகளைத் தொகுத்து 2016 இல் வெளியான பாதுகாப்பு மதிப்பீடு, 40 நிமிடம், 4 மில்லி அம்பியர், 7.2 கூலோம் ஆகிய எல்லைகளுக்குள் பாரதூரமான பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை என்று சொன்னது.

எங்கை பிழைக்கும்?

தண்ணீரில். சேலைன் முடிந்துவிட்டதென்று குழாய்த் தண்ணீரிலோ கிணற்றுத் தண்ணீரிலோ பஞ்சை நனைப்பது பெரிய பிழை. குழாய்த் தண்ணீரில் நனைத்த பஞ்சால் தோலில் புண் வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் வெட்டியவை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்புக்கள் எந்தக் கிணற்றில் எவ்வளவு என்று யாரும் அளந்து வைப்பதில்லை. அளவு தெரிந்த கரைசல்தான் வேண்டும்: லீற்றருக்கு 9 கிராம் சோடியம் குளோரைட்டு, அதுதான் 0.9 சதவீத சேலைன்.

காய்ந்த பஞ்சும் ஆபத்து. மின்விசிறிக்குக் கீழே, சித்திரை வெயிலில், 30 நிமிடத்தில் பஞ்சின் ஓரம் உலரத் தொடங்கும். அப்போது 35 சதுர சென்ரிமீற்றரில் பரவ வேண்டிய மின்னோட்டம் ஈரமாயுள்ள சிறு திட்டுக்குள் குவிந்து சுடும். நடுவில் ஒருமுறை ஊசிக்குழாயால் ஈரம் சேர்ப்பது இதற்காகத்தான். எதிர்மாறாக, பஞ்சு சொட்டச் சொட்ட நனைந்தால் உப்புத்தண்ணீர் மயிர் வழியே ஓடி இரண்டு மின்வாய்களையும் இணைத்துவிடும். கருவியின் முகப்பில் எல்லாம் சரியாகவே தெரியும், மின்னோட்டமோ மூளைக்குள் போகாமல் தோல் மேலேயே ஓடி முடிந்துவிடும். வியர்வையும் இதே வேலையைச் செய்யும்.

கம்பியை மாற்றிக் கொளுவுவது எல்லாவற்றிலும் மோசம். வழக்கமாகச் சிவப்பு அனோட்டு, கறுப்பு அல்லது நீலம் கதோட்டு. மாறினால் வலிப்புக் குவியத்தை அடக்குவதற்குப் பதில் கிளப்பும். ஒருவர் கொளுவ, இன்னொருவர் வாய்விட்டு வாசித்துச் சரிபார்த்த பிறகே கருவியைப் போட வேண்டும்.

எரிவு தாங்காவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், சொல்லுங்கள். பட்டியைத் திடீரென்று இழுத்துக் கழற்றவும் வேண்டாம். மின்னோட்டம் சட்டென அறுந்தால் கண்ணுக்குள் மின்னல் வெட்டினாற்போல் தெரியும், தலையில் ஒரு குத்து விழும்.

தலைக்குள்ளை ஷெல் துண்டு இருக்கு. செய்யலாமோ?

இந்தக் கேள்வி எங்கள் ஊரில் வராமல் இருக்காது. யுத்தத்தில் தலையில் காயப்பட்டு, பல வருடம் கழித்து வலிப்பு தொடங்கியவர்கள் பலர். ஆய்வுகளின் சேர்ப்பு விதிகள் அவர்களை விலக்கும். அதற்குக் காரணம் உண்டு. உலோகத் துண்டு மின்னோட்டத்தின் பாதையை மாற்றிவிடும். மண்டையோட்டில் ஓட்டையோ சத்திரசிகிச்சையில் எலும்பெடுத்த இடமோ இருந்தால், எலும்பின் தடை இல்லாத அந்த வழியால் மின்னோட்டம் குவிந்து இறங்கும். அங்கே எவ்வளவு போகிறது என்று வழக்கமான கணக்கால் சொல்ல முடியாது. ஆகவே இப்போதைக்கு வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலும் முதலில் துண்டு இருப்பதைச் சொல்லுங்கள். காந்தத்துக்கு இழுபடும் உலோகம் உள்ளே அசையலாம். எக்ஸ்ரேயோ சி.ரி. ஸ்கானோ எடுத்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். காயப்பட்ட காலத்து வைத்தியசாலைச் சீட்டு இருந்தால், எவ்வளவு பழசாக இருந்தாலும், கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள்.

இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும், தலைத்தோலில் புண், எக்சிமா உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. கர்ப்பிணிகளையும் ஆய்வுகள் வழமையாகச் சேர்ப்பதில்லை.

இதைச் செய்தால் குளிசையை விடலாமோ?

விடக்கூடாது. மேலே சொன்ன ஆய்வுகளில் இந்த மின்னோட்டம் குளிசைக்கு மேலதிகமாகக் கொடுக்கப்பட்டதே தவிர, குளிசைக்குப் பதிலாக அல்ல. சோடியம் வல்புரோவேற், காபமசெப்பீன், பீனோபாபிற்றோன், குளோபசாம், எதுவானாலும் திடீரென்று நிறுத்தினால் அடங்காத தொடர் வலிப்பு வரலாம், அது உயிரைக் கொண்டுபோகும். மருந்தின் பெயரையும் அளவையும் ஆய்வுக்காரரிடம் சரியாகச் சொல்வதும் முக்கியம். காபமசெப்பீன் எடுத்தவர்களில் அனோட்டின் கிளர்ச்சி விளைவு இல்லாமற்போனதை 2002 இலேயே கண்டிருக்கிறார்கள். குளிசையும் மின்னோட்டமும் ஒரே கலத்தில்தான் வேலை செய்கின்றன.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், கந்தசஷ்டியின் ஆறு நாளும் விரதம் என்று காலைக் குளிசையை விடுபவர்கள் உண்டு. விரதத்திலும் குளிசையைத் தண்ணீரோடு விழுங்குங்கள். இரவுத் திருவிழா பார்த்து நித்திரை முழிப்பதும் வலிப்பைக் கொண்டுவரும். ஆய்வொன்றில் இருக்கும் காலத்தில் இவை நடந்தால், வலிப்பு கூடியதற்கும் குறைந்ததற்கும் காரணம் மின்னோட்டமா வேறொன்றா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

யூ ரியூப்பைப் பார்த்து 9 வோல்ற் பற்றரியிலை வீட்டிலை செய்யலாம் எண்டு தம்பி சொல்லுறான்.

தம்பியைத் தடுத்துவிடுங்கள். பற்றரி நிலையாகக் கொடுப்பது வோல்ற்றளவை, அம்பியரை அல்ல. தலைத்தோலின் தடை 10 கிலோ ஓம் இருக்கையில் 9 வோல்ற் 0.9 மில்லி அம்பியரைத்தான் தரும். வியர்த்து, பஞ்சு நனைந்து, தடை 3 கிலோ ஓமாக விழுந்தால் அதே பற்றரி 3 மில்லி அம்பியரைத் தள்ளும். மருத்துவக் கருவி ஒவ்வொரு கணமும் தடையை அளந்து மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கிறது. தொடர்பு கெட்டால் தானே நிறுத்துகிறது. வெறும் உலோகத் தகட்டைத் தோலில் வைத்தால் மின்பகுப்பு நடந்து, ஒரு முனையில் அமிலமும் மற்றதில் காரமும் உண்டாகித் தோலை எரிக்கும். வலிப்புக் குவியம் எங்கே என்று அளக்காமல் வைக்கும் அனோட்டு எதைக் கிளப்பும் என்பதும் தெரியாது.

ஆய்வு ஒண்டிலை சேரக் கேட்டால் நான் என்ன கேக்க வேணும்?

நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அப்படியொரு குழு இருக்கிறது. இலங்கை மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில் ஆய்வுக்கு எண் உண்டா என்று கேளுங்கள். சம்மதப் பத்திரம் தமிழில் இருக்க வேண்டும், ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். இடையில் விலகினாலும் வழமையான கிளினிக் சிகிச்சை குறையாது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பரிசோதனை நிலையிலுள்ள சிகிச்சைக்கு உங்களிடம் காசு கேட்டால் எழும்பி வந்துவிடலாம்.

போலிச் சிகிச்சைக் குழுவில் நீங்கள் விழக்கூடும். மின்னோட்டம் 30 செக்கன் ஏறி, எறும்புக் கடியைக் காட்டிவிட்டு, அணைந்துவிடும். மிச்ச நேரம் பஞ்சு மட்டும் தலையில் இருக்கும். இது ஏமாற்று வேலை அல்ல. வலிப்பு தானாகவே கூடிக் குறையும் வருத்தம். மிக மோசமான மாதத்தில்தான் ஆட்கள் புதுச் சிகிச்சை தேடி வருவார்கள், அடுத்த மாதம் எப்படியும் கொஞ்சம் நல்லாக இருக்கும். அந்த நன்மையை மின்னோட்டத்தின் கணக்கில் எழுதாமல் இருக்க ஒப்பீட்டுக் குழு வேண்டும்.

சேர முன்னர் ஒரு மாதமாவது கொப்பியொன்றில் எழுதுங்கள்: திகதி, நேரம், எத்தனை நிமிடம், எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் திரும்பியது, முதல்நாள் நித்திரை, தவறிய குளிசை, பெண்களுக்கு மாதவிடாய் நாள். தொலைபேசியில் எடுத்த அரை நிமிட வீடியோ வைத்தியருக்குப் பத்து நிமிட விவரிப்பைவிட உதவும்.

பிள்ளைகளுக்கு?

பிள்ளைகளில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் அவர்களது மண்டையோடு மெல்லியது, அதே 1 மில்லி அம்பியர் கூடுதலாக உள்ளே சேரும். பெரியவர்களின் அளவை அப்படியே கொடுக்கக் கூடாது.

குளிசை கேக்காதவைக்கு வேறை வழி இல்லையோ?

இருக்கிறது. அவற்றைப் பார்த்த பிறகுதான் இந்தப் பரிசோதனைக்கு வர வேண்டும். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் எடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. வலிப்புள்ளவர்களில் மூன்றிலொருவர் அளவில் இப்படி. அவர்களில் குவியம் தெளிவாகத் தெரிபவர்களுக்குச் சத்திரசிகிச்சை வலிப்பையே நிறுத்திவிடலாம். அந்த மதிப்பீட்டுக்கு நரம்பியல் கிளினிக்கிலிருந்து கடிதம் கேளுங்கள். பிள்ளைகளுக்குக் கொழுப்புக் கூடிய, மாச்சத்துக் குறைந்த கீற்றோ உணவு முறை உண்டு, அதையும் வைத்தியரின் கண்காணிப்பில்தான் தொடங்க வேண்டும். கழுத்திலுள்ள வேகசு நரம்பைத் தூண்டும் கருவியை அமெரிக்கா 1997 இலேயே அங்கீகரித்தது, ஆனால் அதை உடலுக்குள் பதிக்க வேண்டும், விலையும் பெரிது.

பஞ்சு தலையிலை இருக்கேக்கை வலிப்பு வந்தால்?

கருவியை நிறுத்தி, பட்டியைக் கழற்றி, ஆளை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைப்பார்கள். வீட்டிலும் அதுதான். கையில் திறப்போ இரும்போ கொடுக்காதீர்கள், வாய்க்குள் கரண்டி வைக்காதீர்கள், தண்ணீர் பருக்காதீர்கள். வலிப்பு தொடங்கிய நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்ப முன்னர் அடுத்தது வந்தாலோ 1990 க்கு அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசில்லை. அமர்வு முடிந்த அன்று கிணற்றில் தனியே அள்ளிக் குளிக்க வேண்டாம், மோட்டார் சைக்கிளில் வந்திருந்தால் ஓட்டுவதற்கு வேறொருவர் கூட வரட்டும்.